பேபி மார்க் நலிவு

பொன்மணி ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு பேபிகளை ஒட்டுவாள்.

கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் தங்கள் பெட்டிகளுக்குக் கிளி, பூட்டு, அன்னாசிப்பழம் என்று எதையெதையோ மார்க்காக வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்க, பொன்மணியின் முதலாளிக்கு மட்டும் பேபியை வைக்கத் தோன்றியது. பேபி என்றதும் தவழ்கிற பிள்ளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்து மூன்று வயது நடிகை. எட்டயபுரம் ரோட்டில் சொந்தமாக அழகு நிலையம் வைத்திருப்பவள். லேபிளில் தாடையில் ஒரு விரலை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருப்பாள். பொன்மணி பசையைத் தடவி, பெட்டிமேல் வைத்து, கட்டைவிரலால் அமுக்குவாள். மூக்கு இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு அமுக்கு கூடுதலாக விழும். கணக்கப்பிள்ளை இரண்டு முறை கண்டித்துவிட்டார்.

மூடி மறைப்பானேன், பொறாமைதான். ஆனால் அதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பதினோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே மேடையில் நின்றவர்கள். கழுகுமலை, எப்போதும்வென்றான் என்று எந்த ஊர்க் கோயில் கொடையானாலும் பேபி ஸ்திரீபார்ட், பொன்மணி தோழி. நாடக நோட்டீஸில் பேபியின் பெயர் கட்டை எழுத்தில், போட்டோவோடு இருக்கும். பொன்மணியின் பெயர் அடியில், ‘மற்றும்’ என்ற சொல்லுக்கு அப்புறம் இருக்கும். போட்டோ கிடையாது. ஒரே ஒருமுறை, பேபிக்கு அம்மை போட்ட வருஷம், பொன்மணி ஸ்திரீபார்ட் ஆடினாள். அன்றைக்கும் நோட்டீஸ் முன்னமே அடித்தாகிவிட்டது.

அப்புறம் பேபி மெட்ராஸுக்குப் போனாள். முதல் படத்தில் கதாநாயகிக்குப் பின்னால் குடம் தூக்கினாள். இரண்டாவது படத்தில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசினாள். மூன்றாவதில் படம் ஆரம்பித்ததும் செத்துப்போனாள். பொன்மணி அந்தப் படத்தை மட்டும் மூன்று தடவை பார்த்தாள். ஆனால் டிவி சீரியல் என்று ஒன்று வந்து கெடுத்தது. அதில் இரண்டு வருஷம் கொடுமைக்கார நாத்தனாராக வந்து, கரிசல் காடு முழுக்கப் பெண்களிடம் சாபம் வாங்கி, பேபி பிரபலமாகிவிட்டாள். தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பி, ‘பேபி பியூட்டி கேர்’ என்று கண்ணாடிக் கதவு போட்ட கடையைத் திறந்தாள்.

அங்கே அதிகம் விற்பது ‘கரிசல் பேஸ் பேக்’. காட்டு மண்ணைச் சலித்து, பன்னீர் தெளித்து, டப்பாவில் அடைத்திருக்கும். வயலுக்குப் போய்வந்தால் வாசலில் நின்று காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று எந்த மண்ணைச் சொல்லி வளர்த்தார்களோ, அதே மண்ணை ஊர்ப் பெண்கள் காசு கொடுத்து முகத்தில் அப்பிக்கொண்டு, ஃபேன் காற்றில் கண்ணை மூடிக் கிடந்தார்கள். போதாததற்கு, பேபி எங்கே பார்த்தாலும் “என்ன பொன்மணி அக்கா, சௌக்கியமா?” என்று கேட்டாள். பேபி ஆறு மாதம் மூத்தவள்.

இப்படி இருக்கையில்தான் பொன்மணிக்கு நலிவுச் சான்றிதழைப் பற்றித் தெரியவந்தது. நலிந்த கலைஞர்களுக்கு மாதாமாதம் சர்க்கார் உதவித் தொகை உண்டு. கரிசல் வட்டார நாடகக் கலைஞர் முன்னேற்றச் சங்கம் ஒருவரைப் பார்த்து, ‘இவர் நலிந்துவிட்டார்’ என்று எழுதிக் கொடுத்தால் போதும். வருஷத்துக்கு ஒரு ஆள்தான் என்றார்கள். பொன்மணிக்கு வீட்டுக்காரர் இல்லை, முட்டி வலி இருந்தது, ஓடு ஒழுகியது. ஆனால் இதையெல்லாம்விட ஒரு எண்ணம் அவளை இழுத்தது. அந்தக் காகிதம் கிடைத்துவிட்டால் லேபிள் ஒட்ட வேண்டாம். மிச்ச ஆயுளுக்கு பேபியின் மூஞ்சியில் விழிக்க வேண்டாம்.

சங்கம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருந்தது. உள்ளே நுழைகிறவர் முதலில் தலைவருக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்பது விதி. சால்வை கொண்டுவராதவர்களுக்குச் சங்கமே ஒன்று தரும். பொன்மணி அதை வாங்கித் தலைவர் காசிராஜனுக்குப் போர்த்தினாள். அவர் கும்பிட்டார். செயலாளர் பூவனலிங்கம் அதைக் கழற்றி மடித்து, அடுத்து வந்தவர் கையில் கொடுத்தார். அவரும் போர்த்தினார். சித்திரை மாத வெயிலில் காசிராஜன் இப்படி ஒரு மணி நேரத்தில் பதினாறு முறை கௌரவிக்கப்பட்டார்.

காசிராஜன் நாற்பது வருஷம் ராஜபார்ட்டாக இருந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தாலும் இடுப்பில் வாள் இருப்பதுபோல இடதுபுறம் கொஞ்சம் விலகித்தான் உட்காருவார். பூவனலிங்கம் ஆர்மோனியக்காரர். துணைத் தலைவர் சாமித்துரை பபூன்.

“அடுத்த வெள்ளிக்கிழமை நலிவு நிர்ணயக் குழு கூடுது. தோற்ற நலிவுக்கு நாப்பது மார்க்கு, குரல் நலிவுக்கு முப்பது, கண்ணீருக்கு இருபது, பணிவுக்குப் பத்து” என்றார் பூவனலிங்கம்.

“நான் நெசமாவே கஷ்டப்படுதேன் அண்ணாச்சி. வந்து வீட்டைப் பாத்தியன்னா தெரியும்.”

காசிராஜன் கையை உயர்த்தினார். சபை அடங்கியது. “அம்மா பொன்மணி! நலிவு என்பது ஒரு கலை. பசித்தவனெல்லாம் நலிந்தவனாகிவிட முடியுமா? நாடு பறிபோன ராஜாவாக நான் பசித்து அழுதிருக்கிறேன், ஊரே அழுதது. அன்றைக்குச் சாயங்காலம்தான் ஊர்த் தலைவர் வீட்டில் நாலு முட்டையோடு சாப்பிட்டிருந்தேன். நிஜமாகப் பசித்தவனை மேடையேற்றிப் பார், வசனம் மறந்துவிடும். வீட்டைப் பார்த்து நாங்கள் எதைத் தெரிந்துகொள்வது? வீடு நடிக்குமா?”

சாமித்துரை கைதட்டினார். பொன்மணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தட்டினாள், பணிவுக்குப் பத்து மார்க் இருந்ததே.

படியிறங்கும்போது பூவனலிங்கம் பின்னாலேயே வந்து சொன்னார். “வெள்ளிக்கிழம நேரத்தோட வந்துரு தாயி. பேபி மேடமும் வாராவ.”

“அவ எதுக்கு?”

“நாம உக்காந்திருந்த சேரெல்லாம் அவிய குடுத்ததுல்லா. வரப்படாதுன்னு சொல்ல முடியுமா?”

பேபி சிறப்பு விருந்தினராக வருகிறாள் என்று பொன்மணி எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு வாரம் அவள் மனம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கிழிந்த சேலையைத்தான் கட்டிக்கொண்டு போவதாக முதலில் முடிவு செய்திருந்தாள். ஆனால் பட்டுச் சேலையில் பேபி மேடையில் உட்கார்ந்திருக்க, அவள் முன்னால் நைந்த சேலையோடு போய் நிற்பதா? ‘பொன்மணி அக்கா இப்படி ஆயிட்டாளே’ என்று அவள் உதட்டைப் பிதுக்குவதைப் பார்ப்பதா? வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் மாம்பழக் கலர் பட்டு இரவல் வாங்கினாள். பவுடர் போட்டாள், மை தீட்டினாள், இரண்டு முழம் மல்லிகை வைத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது பழைய ஸ்திரீபார்ட்டே பரவாயில்லாமல் தெரிந்தது. நலிவுச் சான்றிதழ் வாங்கக் கிளம்பிய பெண்களில் அவ்வளவு செழிப்பாகக் கிளம்பியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

சங்க மாடிப்படியின் அடியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, தலை பஞ்சாகப் பறந்து, இருமும்போது உடம்பு இரண்டாக மடிந்தது. பொன்மணிக்கு மனசு இளகிவிட்டது. நம்மைவிட மோசமான ஜென்மங்களும் இருக்கத்தானே செய்கின்றன என்று ஒரு ஆறுதலும் வந்தது. முந்தி முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாயை எடுத்துக் கிழவி கையில் வைத்தாள்.

“மகராசியா இருப்பே தாயி” என்றாள் கிழவி.

மேலே போய் உட்கார்ந்து பேபியைத் தேடினாள். காணோம். பட்டுச் சேலை வீணாகிவிடுமோ என்று கவலையாக இருந்தது. அப்போது பூவனலிங்கம் எழுந்து, “விண்ணப்பதாரர் எண் ஒன்று, கலைச்செல்வி பேபி அவர்கள்” என்று கூப்பிட்டார். படியடியில் இருந்த கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பொன்மணி, ஒரு ரூபாய் கொடுத்த தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கிழவி தள்ளாடி நடந்து, சால்வையைத் தூக்க முடியாமல் தூக்கித் தலைவருக்குப் போர்த்தி, அப்படியே அவர் காலடியில் சரிந்தாள். “ஒரு காலத்துல... இந்தக் காலுல சலங்க கட்டி...” என்று ஆரம்பித்து, இருமி, முடிக்காமல் விட்டாள். ஒரு கண்ணில் மட்டும் நீர் திரண்டு, விழாமல் நின்றது. சரியாகக் காசிராஜன் குனிந்தபோது விழுந்தது.

காசிராஜன் வாய்விட்டு அழுதார். பூவனலிங்கம் தன்னை அறியாமல் முகாரியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். சாமித்துரை எழுந்து நின்று, “ஒன்ஸ் மோர்!” என்று கத்தினார். கிழவி எழுந்து வாசல் வரை போய், மறுபடி தள்ளாடி வந்து, மறுபடி சரிந்தாள். இந்தமுறை இன்னொரு கண்ணில் நீர் வந்தது.

“எண் இரண்டு, பொன்மணி.”

பொன்மணி மல்லிகை மணக்க முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நிஜ அழுகை. மூக்கு ஒழுகி, மை கரைந்து, வார்த்தை திக்கியது. “அது பேபி அண்ணாச்சி... கீழ அவ கார் நிக்கி... எனக்கு முட்டி வலி... ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு...”

“உச்சரிப்பு தெளிவில்லை” என்று பூவனலிங்கம் எழுதிக்கொண்டார்.

“ஓவர் ஆக்டிங்கு” என்றார் சாமித்துரை.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். “பேபி அவர்களுக்குத் தொண்ணூற்றெட்டு. இருமல் ஓரிடத்தில் தாளம் தப்பியதால் இரண்டு குறைக்கிறோம். உதவித் தொகை தனக்கு வேண்டாம், சங்கத்துக்கே இருக்கட்டும் என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கும் இந்த முடிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு காகிதங்களையும் ஒரே குண்டூசியில் குத்தியிருப்பது சிக்கனம் கருதித்தான். பொன்மணியைப் பொறுத்தவரை, இன்று காலை படியடியில் ஒரு ஏழைக்குத் தர்மம் செய்ததைத் துணைத் தலைவர் ஜன்னல் வழியே கண்டார். தர்மம் செய்யும் நிலையில் இருப்பவர் நலிந்தவர் ஆகமாட்டார்.”

“அந்த ஏழை இவதானய்யா!” என்று பொன்மணி அலறினாள்.

“அவர் ஏழை என்று நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய்” என்றார் காசிராஜன். “குறித்துக்கொள்ளுங்கள் செயலாளரே, போட்டியாளரே சாட்சி.”

இறங்கிப் போகும்போது பேபி அவள் பக்கத்தில் வந்து, அந்த ஒரு ரூபாயை நீட்டினாள். “இந்தாங்கக்கா, உங்களுது. எனக்குப் பணமா பெருசு? செவுத்துல ஒரு எடம் காலியாக் கெடந்துச்சு, பிரேம் போட்டு மாட்டணும்னு ஆச. பட்டு உங்களுக்கு நல்லா எடுப்பா இருக்கு.” பொன்மணி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பேபி செழிப்பில் ஜெயித்தாள், சரி. அழகில் ஜெயித்தாள், தொலையட்டும். நலிவு ஒன்றாவது தனக்கென்று இருந்தது. அதிலும் அவளுக்கே முதலிடம் என்றால் மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது? மறுநாள் ஆபீஸில் எல்லா பேபிகளையும் தலைகீழாக ஒட்டினாள். அரை நாள் கூலி போயிற்று.

அடுத்த வருஷம் சங்கம் முன்னேறியிருந்தது. ஒப்பனையில்லாமல் குழு முன் வருவது கலையை அவமதிப்பதாகும் என்று பதினான்காவது தீர்மானம் போட்டார்கள். விண்ணப்பத்தோடு ஒப்பனைச் சீட்டு இணைக்க வேண்டும். சீட்டுத் தர அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் வாசலில் ‘கல்யாண மேக்கப், சடங்கு மேக்கப்’ என்பதற்குக் கீழே ‘நலிவு மேக்கப்’ என்று புதிதாக எழுதியிருந்தார்கள். நன்றாக வாழ்கிற பழைய நடிகர்களெல்லாம் உள்ளே கொழுகொழுவென்று போய், வெளியே எலும்பும் தோலுமாக வந்தார்கள்.

செத்தாலும் அந்தப் படி ஏறமாட்டேன் என்று பொன்மணி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் முட்டி இப்போது ஆபீஸ் தரையில் உட்காரவே பாடாய்ப் படுத்தியது. மழையில் ஓடு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. கடைசி நாளில், பசை காய்ந்த கையோடு, ஆபீஸ் சேலையோடு போய் அந்தச் சுழல்நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் அவளுக்கு வந்திருக்க வேண்டிய சான்றிதழ், பேபியின் பெயரோடு, தங்க பிரேமில் தொங்கியது.

பேபி டப்பாக்களைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தாள். கண்ணாடியில் பொன்மணியின் முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள். தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலிருந்த விளக்கை அணைத்தாள்.

“உனக்கு ஒண்ணும் போட வேண்டாம் பொன்மணி. அப்படியே போ.”

அக்கா என்று சொல்லவில்லை. அதுதான் பொன்மணிக்கு இன்னும் சுருக்கென்று குத்தியது.

“மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு மணி நேரம் போடுதே. எனக்கு மட்டும் ஏன், நான் மட்டமா? போடுட்டி!”

பேபி சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

குழு முன் பொன்மணி போய் நின்றாள். அழுகை வரவில்லை, பேச்சும் வரவில்லை. சும்மா நின்றாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தபடியே இருந்தார்கள். காசிராஜன் மெதுவாக எழுந்து நின்றார். நாற்பது வருஷத்தில் அவர் யாருக்கும் எழுந்ததில்லை.

“அடடா” என்றார். “இதல்லவா வேலைப்பாடு! கண்ணுக்குக் கீழே அந்தக் கருமையைப் பாருங்கள். கன்னத்துப் பள்ளம்! கைவிரலில்கூடப் பசை காய்ந்த மாதிரி நுணுக்கமாகச் செய்திருக்கிறார் பேபி அம்மையார்.”

“ஒப்பனைக்கு ஒரு தனி மார்க்கு போடணும் தலைவரே” என்றார் பூவனலிங்கம்.

பொன்மணிக்கு உச்சி கொதித்தது. மேடையில்தான் பேபி, நோட்டீஸில்தான் பேபி, தீப்பெட்டியில்தான் பேபி. நாற்பத்து நான்கு வருஷம் பட்டுத் தேய்ந்த தன் மூஞ்சிக்கும் பேபியா?

“ஏய்யா, இது அவ போட்டதில்லய்யா! இது எம் மூஞ்சி!” மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தலையோடு கவிழ்த்துக்கொண்டாள். முந்தானையால் நெற்றியை, கன்னத்தை, கண்ணின் கீழே, தோல் சிவக்கத் தேய்த்தாள். “பாருங்க! போகுதா? நல்லாப் பாருங்க, ஏதாவது போகுதா?”

சாமித்துரை எழுந்து வந்து, அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார். தலைவரிடம் திரும்பினார்.

“வாட்டர்ப்ரூப்பு!” என்றார்.

சபை ஆரவாரித்தது. நூற்றுக்கு நூற்றிரண்டு என்று பதிவாயிற்று. தண்ணீர் சொட்டச் சொட்ட அவளை நிறுத்திப் போட்டோ பிடித்தார்கள். ‘நலிவு: பொன்மணி. நலிவு அமைப்பு: பேபி பியூட்டி கேர்’ என்று சான்றிதழில் எழுதி, தலைவர் முத்திரை வைத்தார். பொன்மணி அதை வாங்கிக்கொண்டாள். கிழித்து எறிந்திருக்கலாம்தான். கிழித்தால் நாளைக் காலை எட்டு மணிக்கு லேபிள் ஒட்டப் போக வேண்டும்.

அவள் தீப்பெட்டி ஆபீஸை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. உதவித் தொகையை வாங்கிக்கொண்டு எட்டயபுரம் ரோட்டு வழியே வந்தாள். அந்த ரோட்டில் வருகிற நாட்களில் பவுடர் போட்டு, பூ வைத்துக்கொள்வதை அவள் இன்னும் விடவில்லை. பேபியின் கண்ணாடிக் கதவுக்கு முன் பெண்கள் கூடி நின்றார்கள். உள்ளே, பேபியின் சினிமா போட்டோ இருந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு புதுப் போட்டோ. நனைந்த தலை, குழிந்த கன்னம், தேய்த்துச் சிவந்த கண். அடியில் ‘பேபி பியூட்டி கேர் தயாரிப்பு. கழுவினாலும் போகாது’ என்று எழுதியிருந்தது.

பொன்மணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அங்கே வேலை பார்க்கிற அஞ்சலின் என்ற பெண் அந்தப் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அது யாருன்னு தெரியுமா?”

“தெரியலையேக்கா. மேடம் போட்ட மேக்கப்பு. எல்லாரும் நெசமான்னு கேக்காவ. இம்புட்டு நலிஞ்ச மூஞ்சி நெசத்துல இருக்குமாக்கா?”

பொன்மணிக்குக் கோபம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடந்தது, கண்ணாடியை உடைக்கத் தோதாகவும் இருந்தது. அதை எடுக்கக் குனிந்தவள், நிமிர்ந்தபோது போட்டோவை இன்னொரு முறை பார்த்தாள். பேபியின் சினிமா போட்டோவைத் தேடினாள். அது மூலையில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஸ்டூலைக் கீழே போட்டு அதிலேயே உட்கார்ந்தாள்.

“அந்தப் போட்டோவுக்கு அடியில பேரு எழுதணும்.”

“யாரு பேருக்கா?”

“பொன்மணின்னு எழுது.”

“மேடத்துகிட்ட கேக்கணுமேக்கா.”

“கேளு” என்றாள் பொன்மணி. “கேட்டுட்டு, ஒங்க மேடம் பேரவிட ஒரு நூலாவது பெருசா எழுதச் சொல்லு. எழுதுத வரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன்.”